நீ கேட்காமல் விட்ட கேள்விகள்

என் அறை முழுக்க உங்கள் வீட்டு அடுப்புப் புகை வாசனை. வெள்ளிக்கிழமை உன் அம்மா கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் பையை மேசைமேல் வைத்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. பைக்குள் இருப்பது ஒரு நோட்டும் ஒரு புத்தகமும். புத்தகம் என்றுகூடச் சொல்ல முடியாது, அரைப் புத்தகம். முன்னட்டை இல்லாமல் நடுவில் திடீரென்று தொடங்கி, பின்னட்டையோடு முடிகிறது. மீதிப் பாதி என் அலமாரியில் இருந்தது. அதற்கு முன்னட்டை உண்டு, பின்னட்டை கிடையாது.

இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. உன் பாதி பரணில் கிடந்து, புகை குடித்து, பழுத்து ஊதிப் போயிருக்கிறது. புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்திருக்கிறது. என் பாதி கடையிலிருந்து வந்தபோது இருந்த மாதிரியே மொடமொடவென்று இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை மாலை ஐந்து மணிக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. நான் தேறியிருக்கிறேன், வாலைப் பிடித்துக்கொண்டு தேறியிருக்கிறேன். இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தால் வடக்கே எங்கோ, ரயிலில் இரண்டு நாள் போகிற ஊரில் கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம். கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதா, இதை விட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி எழுதுவதா என்பதுதான் கேள்வி. அப்பாவோடு எனக்குப் பேச்சு ஒன்று உண்டு, உனக்குத்தான் தெரியுமே. ஒரே தடவை எழுதலாம். வந்தால் எந்த ஊராக இருந்தாலும் அனுப்புவார். வராவிட்டால் டிகிரியை முடித்துவிட்டு அவர் பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சின்னசேலத்தில் ஒரு பையன் இருப்பதாக அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

"வந்தத வுட்டுட்டு வராததுக்கு காத்துக்கினு இருப்பியா?" என்று அப்பா நேற்று கேட்டார். நியாயமான கேள்வி. நீ இருந்திருந்தால், "நியாயத்த வுடு, இன்னா குடுத்திருக்கான் பாரு" என்றிருப்பாய்.

இந்தத் தேர்வுக்கான அறிவிப்பை உன் விடுதியின் பலகையிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தவள் நீதான். கள்ளக்குறிச்சியில் நாம் கல்லூரி சேர்ந்து நாலு மாதம் ஆகியிருக்கும். வகுப்பில் நான் முதல் பெஞ்சு, நீ சன்னலோரம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் என்கிற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது. நீ மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். அதுவரை நாம் பேசியதுகூட இல்லை. அன்று நேராக வந்து காகிதத்தை என் முன்னால் வைத்தாய்.

"இன்னாடி இது, நோட்டீஸயே கிழிச்சிக்கினு வந்துட்ட?" என்றேன்.

"ஒட்டி பத்து நாளாச்சி, ஒருத்தரும் படிக்கல. நாமளாவது படிக்கலாம்னு எடுத்தாந்தேன். இதுல இன்னா போட்டிருக்குன்னு முழுசா சொல்லு புள்ள."

முழுசா என்று நீ ஏன் அழுத்திச் சொன்னாய் என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் ஊருக்கு எந்த அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தாலும் அதை மடியில் கட்டிக்கொண்டு யாராவது ஒருவர் கீழே இறங்க வேண்டும். படித்துச் சொல்ல ஆளைத் தேட வேண்டும். "படிச்சி சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க. மீதிய மடிச்சி குடுத்துடறாங்க. அந்த மீதிய படிக்கத்தான் எனக்கு லா படிக்கணும்" என்றாய். எனக்கு அப்படி ஒரு காரணமும் இருக்கவில்லை. தினமும் சங்கராபுரத்துப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வருவது அலுத்துவிட்டிருந்தது. கறுப்புக் கோட்டு எனக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. இதை உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "கோட்டுக்கோசரமாவது வா" என்றாய்.

ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து வாங்கினோம். செங்கல் தடிமன். உன் கையில் ஒரு நாள், என் கையில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீ வேறு ஒன்று சொன்னாய். உங்கள் மலையில் களை எடுக்கவும் அறுக்கவும் கூலிக்கு ஆள் வைப்பது கம்மி. கைமாத்துதான். இன்று என் காட்டுக்கு நீ வந்தால் நாளை உன் காட்டுக்கு நான் வருவேன். கூலி என்ற பேச்சே கிடையாது, நாளுக்கு நாள்தான் கணக்கு.

"நாமளும் கைமாத்தா படிச்சா இன்னா? முன்பாதி உன்னுது, பின்பாதி என்னுது. உன்னுத நீ படிச்சி எனக்கு சொல்லு, என்னுத நான் படிச்சி உனக்கு சொல்றேன்."

பெட்டிக் கடையில் பிளேடு வாங்கி, பேருந்து நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் வைத்து முதுகோடு அறுத்தோம். பார்த்த ஒரு பெரியவர், "படிக்கற புள்ளைங்க செய்யற வேலையா இது?" என்று திட்டிவிட்டுப் போனார். இங்கிலீஷ், பொது அறிவு, கணக்கு மூன்றும் என் பக்கம் வந்தன. சட்டப் பகுதியும் தர்க்கமும் உன் பக்கம். இந்த உலகத்தில் வேறு யாரும் ஒரு தேர்வுக்கு இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். அவரவர் பாதியை மற்றவர் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. வாயால் கேட்டதோடு சரி.

வகுப்பு முடிந்ததும் அதே பெஞ்சு. சங்கராபுரத்துப் பேருந்துகள் இரண்டைப் போகவிட்டு மூன்றாவதில் நான் ஏறுவேன். திங்களும் புதனும் நான் சொல்லிக்கொடுக்கிற நாள், செவ்வாயும் வியாழனும் உன்னுடையது. வந்து உட்கார்ந்ததுமே, "இன்னிக்கு யாரு காடு?" என்று கேட்பாய். பக்கத்தில் முறுக்குக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, "உங்களுக்கு எங்க இருக்குது இவ்ளோ காடு?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

உன் நாளில் நீ புத்தகத்தைத் திறந்ததே இல்லை. எல்லாம் தலையில் இருக்கும். உனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். ஒரு பத்திக்கு ஒரு மாலை ஆகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். விடுதியில் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொறுக்கிப் படித்துவிட்டு, அதைத் தமிழாக்கி, உங்கள் ஊர் ஆட்களை அதற்குள் நடமாடவிட்டு எனக்குச் சொல்வாய்.

"ஒரு தேன்கூடு. மரம் ஒருத்தருது. கூட்ட மொதல்ல பாத்தது வேற ஒருத்தரு. பாத்தவரு அடிமரத்துல ஒரு கொப்ப ஒடிச்சி செருகிட்டு போயிட்டாரு. தேனு யாருக்கு?"

"மரத்துக்காரருக்கு. இதுகூட தெரியாதா?"

"எங்க ஊர்ல பாத்தவருக்கு."

"செரி, பாத்தவருக்கு."

"ரெண்டும் தப்பு. கேள்வியில இன்னா விதி குடுத்திருக்கான்? கூடு கைக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் சொந்தம் இல்லன்னு போட்டிருக்கான். கூடு இன்னும் மரத்துலதான கெடக்கு? அப்ப இப்போதிக்கு யாருக்கும் இல்ல."

"இது அநியாயம்டி."

"உன்ன யாரு நியாயம் கேட்டா? குடுத்தத வெச்சி சொல்லு. உன் மனசுல இருக்கறத எடுத்து அதுல கலக்காத புள்ள."

நூறு தடவையாவது சொல்லியிருப்பாய். குடுத்தத வெச்சி சொல்லு. எனக்குக் கோபம் வரும். எல்லாக் கேள்விக்கும் எனக்கு ஒரு நியாயம் இருந்தது, எல்லாமே தப்பு விடையாக இருந்தது.

என் நாள் எப்படி இருக்கும் என்பதை இன்றுதான் நேர்மையாக எழுதுகிறேன். காலையில் பேருந்தில் வரும்போது என் பாதியைத் திறப்பேன். இரண்டு பக்கம் போனதும் போனை எடுத்துவிடுவேன். இங்கிலீஷ்தானே, எனக்கு வராதா? பொது அறிவுதானே, எப்படியும் சமாளிக்கலாம். உன் முன்னால் உட்கார்ந்து, தெரிந்ததை நீட்டி முழக்கி, தெரியாததைத் தாண்டிப் போவேன். நீ கேள்வி கேட்டால், "இதெல்லாம் வராது, வுடு" என்பேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல என் வாய்க்கு அன்று வரவே வராது.

ஒரு திங்கட்கிழமை நீ ஒரு கணக்கு கேட்டாய். ஒருவருடைய நிலம் இருபது சதவீதம் குறைந்துபோகிறது, மொத்த விளைச்சல் பழையபடியே வர வேண்டும் என்றால் ஏக்கருக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக விளைய வேண்டும் என்று.

"இருபது போச்சின்னா இருபது கூடணும். இதுல இன்னா இருக்குது?" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாய். "இருபதா?" என்றாய்.

"ஏன், நம்பிக்கை இல்லையா? இங்க்லீஷ் மீடியத்துல இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இதெல்லாம் வராது, வுடு."

"செரி" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாய். அந்த நோட்டில் நீ என்ன எழுதுகிறாய் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மாணவி குறிப்பெடுக்கிறாள் என்ற பெருமிதத்தில் இருந்தேன்.

மறு வருடம் புரட்டாசியில் ஒரு வியாழன், உன் கண் மஞ்சளாக இருந்தது. "தூக்கம் இல்ல" என்றாய். சோறு இறங்கவில்லை என்றும் சொன்னாய். அப்படியிருந்தும் அன்று உன் நாள் என்பதால் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாய். வெள்ளிக்கிழமை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினாய். திங்கட்கிழமை நீ வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை நீ வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நாள் அது, நான் ஒன்றும் படித்திருக்கவில்லை. தப்பித்தோம் என்று முதல் பேருந்திலேயே வீட்டுக்குப் போய்விட்டேன். புதன்கிழமையும் அப்படியே. வியாழனன்றுதான் உன் போனுக்கு அடித்தேன். மலையில் சிக்னல் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? கிடைக்கவில்லை. மறுபடி அடிக்கவில்லை.

காமாலைக்கு வேர் மருந்து கொடுத்துப் பார்த்து, முடியாமல் ஜீப்பில் கீழே இறக்கி, பெரிய ஆஸ்பத்திரியில் நீ மூன்று நாள் கிடந்திருக்கிறாய். நம் பெஞ்சிலிருந்து நடந்து போகிற தூரம். நான் அந்த மூன்று நாளும் அந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போனேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. விடுதி அக்கா சொன்னபோது உன்னை மேலே கொண்டுபோய் அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது.

நீ போய் நாலாம் நாள் நான் மலை ஏறினேன். உங்கள் ஊருக்கு அதுதான் முதல் தடவை. நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய், பலாப்பழ நாளில் வா, சாமை அறுப்புக்கு வா என்று. வளைவுக்கு வளைவு பேருந்து சாயும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாரா வாரம் நீ இதில் இறங்கி வந்துதான் எனக்குப் பாடம் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அழுகுரல் கேட்கும் என்று பயந்துகொண்டே போனேன். வீடு அமைதியாக இருந்தது. உங்கள் காட்டில் பதினைந்து பேர் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் நாலாம் நாளே ஆள் வைத்து அறுக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்தது. கேட்டும்விட்டேன், என் வாய் உனக்குத் தெரியாதா?

"நாங்க யாரயும் கூப்புடலம்மா. அவங்களே வந்தாங்க" என்றார். "எம்பொண்ணு லீவுல வரும்போதெல்லாம் இவங்க ஒவ்வொருத்தரு காட்டுக்கும் போயி நாள் செஞ்சிருக்கா. அந்த நாள திருப்பறாங்க. செத்துட்டான்னு நாள வெச்சிக்க முடியுமா?"

அந்த அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது. பிடிக்கத் தெரிந்திருந்தால் மட்டும் இறங்கியிருப்பேனா என்றும் தெரியாது. உன் பாதிப் புத்தகத்தைக் கேட்க வாய் வரவில்லை. மூன்று மணி வண்டிக்கே இறங்கிவிட்டேன்.

கார்த்திகையில் தேர்வு. சின்னசேலத்தில் ரயில் ஏறி அப்பாவோடு சேலம் போனேன். போகும்போதே மனதில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் பாதியில் தூக்கிவிடலாம், உன் பாதிதான் போய்விடும். புத்தகமும் கையில் இல்லை, நீயும் இல்லை. தோற்றால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அவள் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொன்னால் யாராவது மறுத்துப் பேசுவார்களா?

கேள்வித்தாளில் சட்டப் பகுதியைப் பிரித்ததும் உன் குரல் கேட்டது. கதையில் நடப்பதுபோலச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் பத்தியில் ஒரு வீட்டுக்காரர், ஒரு வாடகைக்காரர். நான் உடனே வீட்டுக்காரர்மேல் கோபப்பட்டேன். "குடுத்தத வெச்சி சொல்லு" என்றாய். விதியை மறுபடி படித்தேன், வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அடுத்ததற்கும் சொன்னாய். பகுதி முடிகிறவரை பக்கத்திலேயே இருந்தாய். பிறகு இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் வந்தேன். அங்கே யாரும் இல்லை, நான் மட்டும் இருந்தேன். தப்புக்கு மதிப்பெண் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் குத்துமதிப்பாக வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.

முடிவு வந்த அன்று விடைக்குறிப்பையும் என் விடைத்தாள் நகலையும் வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகச் சரிபார்த்தேன். உன் பாதியில் நாலைந்துதான் தப்பு. என் பாதி மண்ணைக் கவ்வியிருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன். வீட்டில் எல்லோரும் மதிப்பெண் கம்மி என்று நான் வருத்தப்படுவதாக நினைத்தார்கள். எனக்கு வருத்தம் அது இல்லை. நீ செத்துப்போனதைக்கூட நான் ஒரு சாக்காக எடுத்து வைத்திருந்தேனே, அந்தச் சாக்கும் பொய் என்று தெரிந்ததுதான்.

வெள்ளிக்கிழமை உன் அம்மா எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அதிகாலையில் மலையிலிருந்து கிளம்பியிருக்கிறார். இடுப்பில் சாமை அரிசி மூட்டை, கையில் இந்த மஞ்சள் பை.

"பரண் மேல கெடந்திச்சி. எலி கடிச்சிரும்னு எடுத்தேன். நமக்கு படிக்கவா தெரியும்? இன்னாமோ எழுதிக்கினே இருப்பா. உனுக்காவது ஆவும்னு எடுத்தாந்தேன்."

"சாப்புட்டு போங்கம்மா" என்று என் அம்மா இலை போட்டார். உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவும்போது என்னைப் பார்த்துக் கேட்டார். "பரிட்சை எழுதினியே, பாஸாயிட்டியாம்மா?"

"ஆயிட்டேங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எம்பொண்ணும் ஆயிருப்பா இல்ல?"

"ஆயிருப்பாங்கம்மா. எனக்கு மேல வந்திருப்பா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அது போதும் என்பதுபோல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். நான் நிறுத்தம்வரை போனேன். வழியில் அவர் சாமை விளைச்சலைப் பற்றித்தான் பேசினார்.

திரும்பி வந்து உன் நோட்டைத் திறந்தேன். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாய். நான் சொன்ன தப்புகளையும் சேர்த்துத்தான். தப்புக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி, கீழே சரியான விடை. "ஹாஸ்டல் அக்கா சொன்னது." "லைப்ரரி." "பேப்பர்ல பாத்தது." கடைசிப் பக்கங்களில் ஒரு தலைப்பு போட்டு அடிக்கோடு இழுத்திருக்கிறாய். "இதெல்லாம் அவகிட்ட கேக்க வேணாம்." அதற்குக் கீழே பொடி எழுத்தில், "கேட்டா மூஞ்சி சுருங்கிடுது."

எழுபத்து மூன்று கேள்விகள். என் பாதியில் எனக்குத் தெரியாதவை அத்தனையும் இருந்தன. நான் மறைத்துவிட்டதாக நினைத்த ஒவ்வொன்றும் உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மூஞ்சி சுருங்கும் என்று கேட்காமல், நீயே அலைந்து விடை தேடிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அறுபத்திரண்டு கேள்விகளுக்கு விடை இருக்கிறது. கடைசிப் பதினொன்றுக்கு இல்லை. அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது.

நான் அழுதேன். உன் அடக்கத்துக்கு வராதவள், உன் காட்டு வரப்பில் நின்றுகூட அழாதவள், உன் பென்சில் எழுத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ எனக்குக் கோபமாக ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் தேவலாம் போல் இருந்தது.

அப்புறம் நீ சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை நாளும் என் மனதில் இருப்பதை எடுத்துக் கலந்துகொண்டிருந்தேன். அவளுக்காகப் போகலாம், அவள் ஆசைக்காக எழுதலாம், அவள் ஆத்மா சந்தோஷப்படும் என்றெல்லாம். உனக்கு இதில் எதுவும் பிடிக்காது. குடுத்ததை வைத்துச் சொல்கிறேன். விதி இது: ஒருவர் காட்டுக்கு மற்றவர் ஒரு நாள் வந்தால், வந்தவர் காட்டுக்கு இவரும் ஒரு நாள் போக வேண்டும். நடந்தது இது: நீ எல்லா நாளும் வந்தாய். உன் காட்டில் வேலையை முடித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் என் காட்டிலும் இறங்கிக் களை எடுத்திருக்கிறாய். நான் வந்ததாகப் பேர் பண்ணினேன். செத்துட்டான்னு நாள வெச்சிக்க முடியுமா? முடியாது. நீ சொல்லிக்கொடுத்த கேள்விகளிலேயே இதுதான் சுலபமானது.

இந்த மதிப்பெண்ணைக் கொண்டுபோனால் நீ போட்ட பாதியை வைத்துத்தான் உள்ளே போவேன். என் பாதி காலியாகவே இருக்கும். நாளைக்கு யாராவது ஒரு காகிதத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினால், நானும் பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்துக் கொடுப்பேன்.

விடியுமுன் உட்கார்ந்து இதுவரை எழுதிவிட்டு எழுந்தபோது அப்பா மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். போய் வரப்பில் நின்றேன்.

"நான் பதியலப்பா. மறுபடியும் எழுதறேன்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஒரே தடவன்னுதான நமக்கு பேச்சு?"

"ஆமாம்பா."

"இன்னா கொறஞ்சி போச்சி? மலைக்காரப் பொண்ணு போயிட்ட துக்கம், அதான் சரியா எழுதலன்னு உங்கம்மா சொல்லிக்கினு இருக்குது."

"அதில்லப்பா. அவ சொல்லிக்குடுத்தது எல்லாம் எழுதிட்டேன். என்னுதுதான் எனக்குத் தெரியல. தெரிஞ்சா மாதிரி இருந்துட்டேன்."

இந்த இரண்டு வார்த்தையை, எனக்குத் தெரியல என்பதை, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அதை உன்னிடம் ஒரு திங்கட்கிழமையாவது சொல்லியிருக்கலாம். அப்பா ஒரு மடையை மண் போட்டு அடைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார்.

"அடுத்த வருசமும் இதேதான் வந்துச்சின்னா?"

"அப்ப நீங்க சொல்றபடி கேக்கறேன். சின்னசேலமோ எங்கயோ."

"அப்ப பேச்சு மாறக் கூடாது."

"மாறாதுப்பா."

அவர் குனிந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். "உங்க அத்தகிட்ட நீயே சொல்லிக்க. என்னால அவகிட்ட பேச முடியாது" என்றார்.

ஆக, பந்தயம் கட்டியாகிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. நாளை ஐந்து மணி தாண்டிவிட்டால் கையில் இருந்ததும் போய்விடும். நீ இருந்திருந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கோட்டு எங்கயும் போவாது புள்ள" என்றிருப்பாய்.

வீட்டுக்கு வந்து பெரிய கோணி ஊசியும் நூலும் எடுத்து இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். கோணலாகத்தான் இருக்கிறது. என் பாதியிலும் இப்போது உங்கள் வீட்டுப் புகை ஏறத் தொடங்கியிருக்கிறது. இனி இந்தப் புத்தகம் என்னோடு எங்கே வந்தாலும் அந்த வாசனையோடுதான் வரும்.

பிறகு நோட்டைத் திறந்து, விடையில்லாத பதினொன்றில் முதலாவதைப் பார்த்தேன். நிலம் இருபது சதவீதம் குறைந்த அந்தக் கணக்கு, ஒரு தடவை கேட்டுவிட்டு மறுபடி கேட்காமல் நீ விட்டது. பக்கத்தில் "இருபது" என்று எழுதி, அடித்து, புள்ளி வைத்திருக்கிறாய். போன் பக்கம் போகாமல், பென்சிலைக் கடித்துக்கொண்டு, உன்னைப் போலவே உட்கார்ந்தேன். நூறு ஏக்கர், நூறு மூட்டை. இருபது போய்விட்டது, மிச்சம் எண்பது. அந்த எண்பதிலிருந்து நூறு மூட்டை எடுக்க வேண்டும். மூன்று தடவை தப்பாகப் போட்டேன். நாலாவது தடவை வந்தது.

விடை இருபத்தைந்து. போனது இருபதுதான் என்றாலும் இருக்கிற நிலம் கம்மி, அதனால் போனதைவிட ஜாஸ்தி பாடுபட வேண்டியிருக்கிறது. இதைத்தான் நான் "இதெல்லாம் வராது, வுடு" என்று உன்னிடம் சொன்னேன்.

உன் எழுத்துக்குக் கீழே பென்சிலிலேயே எழுதி வைத்திருக்கிறேன். சரியா என்று பார்க்க நீ இல்லை. இன்னும் பத்து இருக்கிறது. இன்னிக்கு உன் காடு, புள்ள. நான்தான் லேட்டா வந்திருக்கேன்.